2020 ஊரடங்கு வழக்கும் பாஸ்போர்ட்டும்

2020 மே மாதம் இ-பாஸ் (ஊரடங்கில் மாவட்டம் தாண்ட வாங்கவேண்டிய அனுமதி) இல்லாமல் மதுரையிலிருந்து திருச்சிக்கு பைக்கில் போனதற்குப் போட்ட வழக்கு பாஸ்போர்ட் விசாரணையில் வந்து நிற்கிறது, நடமாடும் உரிமையைச் சொல்லி அதை உடைக்கலாமா என்று கேட்கிறீர்கள். அது இந்திய தண்டனைச் சட்டம் 188-ஆம் பிரிவில் (அரசு அதிகாரியின் உத்தரவை மீறியது) போட்ட வழக்கு; நடமாடும் உரிமையைச் சொல்லி உடைக்க முடியாது. அரசியலமைப்பின் 19(1)(டி) பிரிவு அந்த உரிமையைத் தருகிறது, சரி. ஆனால் பொதுநலனுக்காக நியாயமான கட்டுப்பாடு விதிக்க 19(5) இடம் கொடுக்கிறது. தொற்று பரவிய நேரத்தில் அது தேவையும்கூட.

உங்களுக்குக் கைகொடுப்பது வேறு. 2021 பிப்ரவரியில் தமிழக அரசு ஊரடங்கு மீறல் வழக்குகளைக் கைவிடுவதாக அறிவித்தது. உங்கள் வழக்கு பெரும்பாலும் காவல் நிலையப் பதிவேட்டில் முடிக்கப்படாமலே கிடக்கிறது. பாஸ்போர்ட் விசாரணையில் அதுதான் தலைகாட்டுகிறது. என் பக்கத்து வீட்டுத் தம்பிக்கும் இதே கதை. முதல் தகவல் அறிக்கையில் பைக் எண்ணும் "காரணமின்றிச் சுற்றித் திரிந்தார்" என்ற ஒரு வரியும் மட்டும்தான். அவர் போனது அப்பாவுக்கு இன்சுலின் வாங்க.

முதலில் இ-கோர்ட்ஸ் தளத்தில் எஃப்.ஐ.ஆர். எண்ணைப் போட்டுத் தேடுங்கள். நீதிமன்ற வழக்கு எண் வரவில்லை என்றால், வழக்கின் நிலையைக் கேட்டு நிலையத்தில் எழுத்துமூலம் மனு கொடுத்து ரசீது வாங்குங்கள். வழக்கு எண் வந்தால் வக்கீலைப் பாருங்கள். 188-க்கு, உத்தரவிட்ட அதிகாரியோ அவருக்கு மேலதிகாரியோ எழுத்தில் புகார் தந்திருக்க வேண்டும். போலீஸ் குற்றப்பத்திரிகை மட்டும் போதாது.

ஒன்று கவனியுங்கள்: போலி இ-பாஸ், போலீசாரைத் தடுத்தது போன்ற வழக்குகளுக்கு அந்த அறிவிப்பு பொருந்தாது. 269 பிரிவும் (நோய் பரவக்கூடிய அலட்சியச் செயல்) சேர்ந்திருந்தால், புகார் பற்றிய இந்த வாதம் அதற்குச் செல்லாது.