எட்டாத முதுகும் பன்னிரண்டு வெள்ளியும்

பயனீட்டாளர் கேள்வி-பதில், சுங்கை சிப்புட்

போன மாதம் இந்தப் பகுதியில், முதுகுக்கு லோஷன் தேய்க்கும், நுனியில் பஞ்சு வைத்த நீளக் கைப்பிடி ஒன்றை வாங்கி நான் ஏமாந்த கதையை இரண்டு வரியில் எழுதியிருந்தேன். கட்டில் தவணை பற்றி ஒரு பக்கம் எழுதியபோது மூன்று கடிதம் வந்தது. இதற்கு ஒரு பை நிறைய வந்திருக்கிறது. கடைக்காரர்கள் இதை லோஷன் அப்ளிகேட்டர் என்கிறார்கள். எங்கள் வீட்டில் முதுகுக்கட்டை. அந்தப் பெயரிலேயே எழுதுகிறேன். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

கணவர் தவறி மூன்று வருடம். வலது தோள் பூட்டிக்கொண்டு கை பின்னால் போவதில்லை. பாசார் மாலாம் இரவுச் சந்தையில் பன்னிரண்டு வெள்ளிக்கு (ரிங்கிட்) மடக்குகிற மாதிரி ஒன்று வாங்கினேன். நாலாம் நாள் மடிப்பில் ஒடிந்தது. "விற்ற பொருள் திரும்ப எடுக்கப்படாது" என்று அட்டை தொங்குகிறது, பார்க்கவில்லையா என்கிறார் கடைக்காரர். விட்டுவிடுவதா? (ஹீவுட் தோட்டம்)

விடாதீர்கள் அம்மா. அந்த அட்டை, வாங்கிய பிறகு நிறம் பிடிக்கவில்லை என்று வருபவர்களுக்கு. நாலு நாளில் ஒடிந்த பொருளுக்கு அது செல்லாது. விற்கும் பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்று 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. அட்டை எழுதித் தொங்கவிட்டு அந்தச் சட்டத்திலிருந்து யாரும் நழுவ முடியாது.

அடுத்த வாரம் அவர் கடை விரிக்கும் நேரத்திலேயே போங்கள். கூட்டம் சேர்ந்த பிறகு போனால் அவருக்கும் ரோஷம் வந்துவிடும். ஒடிந்த துண்டு இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு, மெதுவாக, பணமாகவே கேளுங்கள். மாற்றுப் பொருள் வேண்டாம், அதுவும் அதே இடத்தில்தான் ஒடியும். மறுத்தால் கடையில் மாட்டியிருக்கும் நகராட்சி லைசென்ஸைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள், பெயர் அதில் இருக்கும். பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில், மலாயில் திரிபுனல் துந்துத்தான் பெங்குனா, மனுப் போட ஐந்து வெள்ளிதான். வழக்கறிஞர் வைக்க முடியாது, வைக்கவும் வேண்டாம். 50,000 வெள்ளி வரை கேட்கலாம். பன்னிரண்டு வெள்ளிக்கா என்று சிரிப்பார்கள். சிரிக்கட்டும், உங்கள் பன்னிரண்டு வெள்ளி.

இன்னொன்று. தோள் பூட்டியிருப்பதற்குக் கட்டை வைத்தியம் ஆகாது. கிளினிக்கில் சொல்லி, ஆஸ்பத்திரியின் பெமுலிஹான் சாரா கெர்ஜா (ஆக்குபேஷனல் தெரபி) பிரிவுக்குக் கடிதம் வாங்குங்கள். குளிப்பது, உடுத்துவது, தேய்ப்பது எல்லாவற்றுக்கும் கை எட்டாதவர்களுக்கு வழி காட்டுவதுதான் அவர்கள் வேலை. உங்கள் கைக்கு எவ்வளவு நீளம் வேண்டும், எந்தக் கோணத்தில் வளைந்திருக்க வேண்டும் என்று அளந்தே சொல்வார்கள். அதற்குப் பிறகு வாங்குங்கள். மடிப்பில்லாத ஒரே துண்டுக் கைப்பிடியாக இருக்கட்டும்.

ஒரே பஞ்சில் காலையில் பவுடரும் இரவில் லோஷனும் போடலாமா? (தாமான் வாசி)

போடலாம். மூன்றாம் நாள் தோசை ஊற்றலாம்.

கைப்பிடி கல்லு மாதிரி இருக்கிறது. பஞ்சுதான் கிழிந்துவிட்டது. கடையில் பஞ்சு தனியாக விற்பதில்லை, புதுசு வாங்குங்கள் என்கிறார்கள். 35 வெள்ளிப் பொருள். தூக்கிப்போட மனசு வரவில்லை. (எல்பில்)

வராது. எனக்கும் வரவில்லை. என் மேசை இழுப்பறையில் பஞ்சில்லாத கைப்பிடி ஐந்து கிடக்கிறது. பேரப்பிள்ளைகள் அதை வைத்துக் கத்திச் சண்டை போடுகிறார்கள்.

இந்தச் சாமானில் கைப்பிடி ஒரு சாக்குதான். உடம்பில் படுவது, ஈரம் குடிப்பது, நாறுவது, கிழிவது எல்லாம் பஞ்சு. நம் ஊரில் அதற்கு ஆயுசும் கம்மி. தைப்பிங் மழை நமக்கு வராவிட்டாலும் அதன் ஈரம் வந்துவிடுகிறது. குளியலறை ஆணியில் மாட்டிவைத்த பஞ்சில் கறுப்புப் புள்ளி விழ ரொம்ப நாள் ஆகாது. புள்ளி விழுந்த பிறகு கழுவிப் பயனில்லை. ஆகவே மாற்றுப் பஞ்சு கிடைக்காத முதுகுக்கட்டை, திரி கிடைக்காத மண்ணெண்ணெய் அடுப்பு மாதிரி. அதைச் செய்தவனுக்கு இது தெரியாதா? தெரியும். தெரிந்துதான் பஞ்சைப் பசை போட்டு ஒட்டி அனுப்புகிறான்.

நான் சொன்ன அதே சட்டத்தின் 37ஆம் பிரிவைப் படியுங்கள். பொருளைச் செய்தவர், உதிரிப் பாகமும் பழுதுபார்க்கும் வசதியும் நியாயமான காலத்துக்குக் கிடைக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது. செய்தவர் வெளிநாட்டில், இங்கே அவருக்குக் கடையே இல்லை என்றால், இறக்குமதி செய்தவர்தான் அந்த இடத்தில் நிற்க வேண்டும். இதில் ஓட்டை ஒன்றும் இருக்கிறது. உதிரிப் பாகம் கிடைக்காது என்று விற்கும்போதே தெரியப்படுத்திவிட்டால் அவர் தப்பித்துக்கொள்ளலாம். உங்களிடம் யாராவது சொன்னார்களா? என்னிடம் ஐந்து தடவையும் யாரும் சொல்லவில்லை. பெட்டியின் பின்பக்கம் இறக்குமதியாளர் பெயர் சிறிய எழுத்தில் இருக்கும். அவருக்கு எழுதுங்கள். முப்பத்தைந்து வெள்ளிக்காக ஒருவர் எழுதினால் குப்பைக்குப் போகும். நாற்பது பேர் எழுதினால் பஞ்சு கப்பலேறி வரும் என்பது என் நம்பிக்கை. இதுவரை எழுதியது நான் ஒருவன்தான் போலிருக்கிறது.

அதுவரைக்கும், பழைய பஞ்சைச் சுரண்டி எடுத்துவிட்டுத் தையல் சாமான் கடையில் வெல்க்ரோ நாடா ஒரு சாண் வாங்குங்கள். ஒரு பக்கத்தைக் கைப்பிடியில் ஒட்டுங்கள், மறு பக்கத்தை முகத்துக்குப் பவுடர் போடும் பஃப்பின் முதுகில் தைத்துவிடுங்கள். அழுக்கானால் பிய்த்துச் சோப்புத் தண்ணீரில் பிழிந்து ஜன்னலில் காயவைக்கலாம். பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்ச் வேண்டாம். நான் முயன்றேன். இரண்டு நாள் மல்லாந்து படுக்க முடியவில்லை.

பேரனுக்கு நாலு மாதம். மகள் பேட்டரியில் ஓடும் பவுடர் பஃப் வாங்கி அனுப்பியிருக்கிறாள். பொத்தானை அழுத்தினால் பூ மாதிரி தூவுகிறது. குழந்தை சிரிக்கிறான். நல்ல பொருள்தானே? (ஒரு பாட்டி)

பாட்டி, முதலில் பேட்டரியைக் கழற்றுங்கள்.

பூ மாதிரி தூவும் பவுடர் தரையில் விழுவதற்குள் பாதியைக் குழந்தை மூச்சில் இழுத்துவிடும். கைக்குழந்தைக்குப் பவுடரே வேண்டாம் என்று குழந்தை மருத்துவர்கள் பல காலமாகச் சொல்லிவருகிறார்கள். நாம்தான் குளிப்பாட்டி வெள்ளையடிக்காவிட்டால் குழந்தையைப் பார்த்துக்கொள்ளவில்லை என்று நினைக்கிறோம். ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனமே டால்க் கலந்த பேபி பவுடரை 2023இல் உலகம் முழுக்க நிறுத்திவிட்டு சோளமாவுக்கு மாறியது. 2024இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, டால்க்கை "அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கும்" என்ற பட்டியலில் சேர்த்தது. சோளமாவு தேவலை என்றாலும் அதுவும் தூள்தான், அதுவும் மூக்கில் போகும். கழுத்து மடிப்பை நன்றாக ஒற்றித் துடைத்தாலே போதும்.

அந்த இயந்திரத்தின் அண்ணன் ஒன்றை நானும் வாங்கியிருக்கிறேன். பெரியவர்களுக்கானது, 49 வெள்ளி. முதல் அழுத்தலில் பூனை தும்மிக்கொண்டு ஓடியது. சாமி படம், டி.வி., மீன் தொட்டி, எல்லாவற்றுக்கும் திருநீறு. உங்களுக்கு வேர்க்குரு என்றால் பெடாக் செஜுக் (அரிசியில் செய்த குளிர்ச்சிப் பவுடர்) முத்து நாலைத் தண்ணீரில் கரைத்துப் பூசிக்கொள்ளுங்கள். எதுவும் பறக்காது.

ஆன்லைனில் நான்காவது தடவையாக ஏமாந்தேன். படத்தில் முழ நீளம் தெரிந்தது. வந்தது சீப்பு அளவு. பார்சல் வந்ததும் "பெற்றுக்கொண்டேன்" என்ற பொத்தானை அழுத்திவிட்டேன், இப்போது பணம் திரும்ப வருமா? (கல்லூரி மாணவர்)

தம்பி, நான்காவது தடவையா?

ஷாப்பி மாதிரித் தளங்களில் நீங்கள் அந்தப் பொத்தானை அழுத்தும்வரை, அல்லது அவர்கள் வைத்த கெடு முடியும்வரை, பணம் விற்பவர் கைக்கு முழுசாகப் போவதில்லை. பிரித்துப் பார்க்கும் முன் அழுத்துவது, கடைக்காரர் கேட்காமலே அவருக்குப் பூட்டுச் சாவி கொடுப்பது. விவரத்தில் எத்தனை சென்டிமீட்டர் என்று போட்டிருக்கிறது என்று பாருங்கள். போட்டிருந்து, வந்தது குறைவாக இருந்தால் விவரித்த பொருள் வரவில்லை என்று சண்டை போடலாம், தீர்ப்பாயம் வரை போகலாம். 15 சென்டிமீட்டர் என்று போட்டிருந்து நீங்கள் படத்தை மட்டும் பார்த்து வாங்கினீர்கள் என்றால், சீப்பாக வைத்துக்கொள்ளுங்கள். முதுகுக்கு நாற்பதுக்குக் குறைந்து வாங்காதீர்கள். வீட்டில் அடிக்கோல் இருக்கிறதல்லவா?

அப்பா தனியாக இருக்கிறார். செம்பனை வெட்டி ஓய்ந்த கை, இரண்டு தோளும் வலி. வீட்டுக்கு வந்த இரண்டு பேர், சூடாகி லோஷன் தேய்க்கும் கருவி, ரத்த ஓட்டம் சீராகும், சர்க்கரையே குறையும் என்று சொல்லி 680 வெள்ளிக்குக் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். இன்றோடு ஆறு நாள். கோபத்தில் அப்பாவைத் திட்டிவிட்டேன். (சுங்கை சிப்புட் நகர்)

முதலில் அப்பாவிடம் போய் சமாதானம் சொல்லுங்கள். வலியில் இருக்கிற மனிதர் வலி போகும் என்றால் கையெழுத்துப் போடத்தான் செய்வார். நான் வலியே இல்லாமல் 450 வெள்ளிக்குக் காந்தச் செருப்பு வாங்கியவன். "அங்கிள், உங்கள் முகம் எங்கள் அப்பா முகம் மாதிரி" என்று சொன்ன பையனிடம். செருப்பு இன்னும் இருக்கிறது, குண்டூசி தேடும்போது உதவுகிறது.

சரி, காலம் இருக்கிறது. வீடு தேடி வந்து விற்பது 1993ஆம் ஆண்டு நேரடி விற்பனைச் சட்டத்தில் வரும். 300 வெள்ளியோ அதற்கு மேலோ என்றால் எழுத்தில் ஒப்பந்தம் இருக்க வேண்டும். கையெழுத்திட்ட நாளிலிருந்து பத்து வேலை நாளுக்குள், காரணமே சொல்லாமல் ரத்து செய்யலாம். ஆறு நாளில் சனி ஞாயிறும் போயிருக்கும், கணக்குப் பாருங்கள். இன்றைக்கே எழுதி, நாளைக்கே பதிவுத் தபாலில் அனுப்புங்கள். நகலும் தபால் ரசீதும் பத்திரம். போனில் சொன்னால் போதும் என்று அவர்கள் சொன்னால் நம்பாதீர்கள், பதினொன்றாம் நாள் போன் எடுக்க மாட்டார்கள். ஒப்பந்தத்தில் ஏ.ஜே.எல். என்று தொடங்கும் லைசென்ஸ் எண் இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லையென்றால் உள்நாட்டு வாணிப அமைச்சின் அலுவலகத்தில் புகார் கொடுங்கள்.

சர்க்கரை குறையும் என்ற பேச்சு தனிக் குற்றம். நீரிழிவைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்வதை 1956ஆம் ஆண்டு மருந்து விளம்பரச் சட்டம் தடை செய்கிறது. தோலுக்கு மேல் உருளும் எந்த உருளையும் ரத்தத்தில் சர்க்கரையைத் தொடாது. துண்டுப் பிரசுரம் கொடுத்திருந்தால் கிழித்துவிடாதீர்கள், அதுதான் சாட்சி. கருவியையும் பெட்டியிலேயே வையுங்கள், அப்பா ஆசைப்பட்டாலும் இனிமேல் பயன்படுத்த வேண்டாம்.

என்ன ஆயிற்று என்று எனக்கு எழுதுங்கள்.

முதுகுக்கட்டையோடு வெள்ளையாக்கும் லோஷன் இலவசமாகத் தந்தார்கள். நல்ல மணம். ஒட்டுச்சீட்டில் எதுவும் இல்லை. (பெயர் வேண்டாம்)

குப்பையில் போடுங்கள். இங்கே விற்கும் அழகுப் பொருளுக்கு என்.ஓ.டி. என்று தொடங்கும் அறிவிப்பு எண் இருக்க வேண்டும். பாதரசமும் ஹைட்ரோகுவினோனும் கண்டுபிடிக்கப்பட்டு அந்த எண் ரத்தான கிரீம்களின் பெயரைச் சுகாதார அமைச்சு அடிக்கடி வெளியிடுகிறது. எண் இருந்தவற்றுக்கே இந்தக் கதி.

மின்சார முதுகுக்கட்டையின் சார்ஜர் தொட முடியாத அளவு சூடாகிறது. சிரிம் என்ற தரச் சான்று ஒட்டு இல்லை. பயன்படுத்தலாமா? (கடைத்தெரு)

கேள்வியிலேயே பதில் இருக்கிறது.

எனக்குச் சர்க்கரை. குனிந்து பாதத்துக்கு கிரீம் போட முடியவில்லை. முதுகுக்கட்டையே காலுக்கும் ஆகுமா? (ஓய்வுபெற்ற ஆசிரியை)

ஆகும் டீச்சர், ஆனால் காலுக்கென்று தனியாக ஒன்று. முதுகுக்குப் போட்டதைக் காலுக்குப் போடாதீர்கள், வீட்டில் மற்றவரோடு பகிரவும் வேண்டாம், படர்தாமரை இப்படித்தான் ஊர்வலம் போகிறது. குதிகாலுக்கும் பாதத்துக்கும் தடவலாம், விரல் இடுக்கில் மட்டும் கிரீம் கூடாது, ஈரம் தங்கிப் புண்ணாகும். எஃகு உருளை வைத்தது வேண்டாம், கால் மரத்திருந்தால் அழுத்தம் தெரியாது. மெத்தென்ற பஞ்சு போதும். தரையில் ஒரு கண்ணாடியை வைத்து தினம் பாதத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள், அதற்கு எதுவும் வாங்க வேண்டியதில்லை.

தரமில்லாத பொருள்! கொசு மருந்து தேய்க்கத்தான் பயன்படுத்தினேன். ஒரே மாதத்தில் கைப்பிடி பிசுபிசுவென்று உருகிக் கையில் ஒட்டுகிறது. வழக்குப் போடப்போகிறேன். (பால்மரக் காட்டுக்குப் போகிறவர்)

போடாதீர்கள். கொசு மருந்தில் இருக்கும் டீட் பல வகைப் பிளாஸ்டிக்கைக் கரைக்கும். கைக்கடிகாரக் கண்ணாடி, மூக்குக்கண்ணாடிச் சட்டம், எதையும் விடாது. புட்டியின் பின்னால் எழுதியிருக்கும், நீங்கள் முன்பக்கத்துக் கொசுப் படத்தை மட்டும் பார்த்திருப்பீர்கள். என் அம்மா பால்மரம் வெட்டப் போன காலத்தில் எண்ணெயைப் பழைய துண்டின் நடுவில் ஊற்றி, இரண்டு முனையையும் பிடித்து முதுகில் ரம்பம் இழுப்பது மாதிரி இழுப்பார். உங்கள் தோள் நன்றாகத்தானே இருக்கிறது? துண்டு கரையாது.