கத்திரி வெயிலில் புதுச்செடி

அன்புள்ள ஐயா,

மொட்டைமாடி உள்ள வீட்டுக்கு இப்போதுதான் குடிவந்தோம். ஆசைப்பட்டு இரண்டு ரோஜா, ஒரு குண்டுமல்லி, ஒரு கறிவேப்பிலை வாங்கினேன். ரோஜாக்களை அன்றைக்கே தொட்டியில் வைத்துவிட்டேன். மூன்று வேளை தண்ணீர் ஊற்றியும் ஒன்று கருகிவிட்டது, மற்றது வாடி நிற்கிறது. ஆடி வரும்வரை எதையும் வைக்காதே என்கிறார் மாமியார். தண்ணீர் விட்டால் போதும் என்கிறார் நர்சரிக்காரர். யார் சொல்வதைக் கேட்பது?

ஒரு வாசகி, மதுரை

அன்புள்ள சகோதரிக்கு,

மாமியார் பக்கம்தான் நியாயம் அதிகம். ஆனால் கையில் இருக்கும் செடிகளை அதுவரை காப்பாற்ற வேண்டுமே, அதைப் பார்ப்போம்.

வாடி நிற்கும் ரோஜாவின் தூரை ஒட்டி ஒரு குச்சியைச் செருகிப் பாருங்கள். நர்சரிச் செடிகள் பல, ஆந்திராவில் ராஜமுந்திரி பக்கத்துக் கடியம் போன்ற இடங்களிலிருந்து வருபவை. வேரைச் சுற்றி இறுகிய களிமண் உருண்டை இருக்கும். அது ஒருமுறை காய்ந்துவிட்டால் தண்ணீரை எளிதில் உள்ளே விடாது. நீங்கள் ஊற்றுவது சுற்றியுள்ள பொலபொலப்பான கலவை வழியாக இறங்கி அடித்துளையில் போய்விடும். தொட்டி ஈரமாகத்தான் தெரியும், வேர் தாகத்தில் இருக்கும். குச்சி உள்ளே இறங்காமல் முட்டினால் இதுதான் காரணம். தொட்டியை அப்படியே ஒரு வாளித் தண்ணீரில் இறக்கி, குமிழி வருவது நிற்கும்வரை வையுங்கள். பிறகு எடுத்து நன்றாக வடியவிடுங்கள். பூ, மொட்டு எல்லாவற்றையும் கிள்ளிவிடுங்கள். மனசு வராதுதான், ஆனால் இப்போது அதற்குப் பூக்கத் தெம்பில்லை. உரம் எதுவும் வேண்டாம்.

இடம் மாற்றும்போது நுனியிலுள்ள மெல்லிய வேர்கள் அறுபடும். தண்ணீரை உறிஞ்சுபவை அவைதான். மற்ற மாதங்களில் இலை கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும், அதற்குள் வேர் வளர்ந்துவிடும். சித்திரைக் கடைசியிலிருந்து வைகாசி நடுவரை அந்த அவகாசம் கிடைக்காது. அதுவும் நர்சரியில் நிழல்வலைக்குக் கீழே வளர்ந்த செடியை நேரே மாடி வெயிலுக்குக் கொண்டுவந்தால் தாங்காது.

இன்னொன்று, மதியத் தண்ணீரை நிறுத்துங்கள். இரண்டு மணிக்கு, மாடித் தண்ணீர் டேங்கிலிருந்து வரும் குழாயைத் திறந்து கையை நீட்டிப் பாருங்கள், சுடும். அதை வேரில் ஊற்றலாமா? விடிகாலையில் ஒருமுறை, தேவைப்பட்டால் வெயில் தாழ்ந்தபின் ஒருமுறை ஊற்றினால் போதும். மதியம் இலை தொங்கினாலும் பதற வேண்டாம். மறுநாள் காலையிலும் தொங்கினால்தான் கவனிக்க வேண்டும். தொட்டிகளைச் செங்கல் மேல் தூக்கி வையுங்கள், தரைச்சூடு நேராக ஏறாது. மேல்மண்ணில் காய்ந்த இலையோ தென்னை நாரோ பரப்புங்கள்.

குண்டுமல்லிக்கு இது பூக்கும் காலம், மதுரைக்காரரான உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வெயில் அதற்குப் பிடிக்கும், வேரைக் கலைப்பதுதான் பிடிக்காது. தொட்டியில் வைத்தே ஆகவேண்டும் என்றால், ஒரு மாலையில் கவரை மட்டும் கிழித்து, உருண்டை உடையாமல் இறக்குங்கள்.

ஏதாவது நட்டே தீரவேண்டும் என்று கை துறுதுறுத்தால் வெண்டை, கொத்தவரை, தண்டுக்கீரை விதைகளைத் தொட்டியிலேயே ஊன்றுங்கள். முளைத்த இடத்திலேயே வளர்வதால் வேர் அறுபடும் பிரச்சினை இல்லை. டேபிள் ரோஸ் தண்டை ஒடித்துக் குத்தினாலும் பிடித்துக்கொள்ளும்.

மற்றபடி ஆடிப்பட்டத்தில் விதைத்தால், நட்டால், ஐப்பசி மழைக்குள் வேர் ஊன்றிவிடும். ஆனால் மாடியில் ஆடிக்காற்று பொல்லாதது. வைக்கிற செடிக்கு ஒரு குச்சி நட்டுக் கட்டிவிடுங்கள்.

கறிவேப்பிலை இன்னும் கவரில்தானே இருக்கிறது? நல்லதாகப் போயிற்று. காலை வெயில் மட்டும் படும் இடத்தில் அப்படியே இருக்கட்டும். வெயில் தணிந்து புதுத்துளிர் விட்டதும் பெரிய தொட்டிக்கு மாற்றலாம்.

அன்புடன்.