டீச்சரைக் கேளுங்கள்: அம்மாவின் வேலையை வாங்கிக்கொண்ட வண்டு

*கேள்வி: வணக்கம் டீச்சர். பத்தாங் பெர்ஜுந்தை பக்கம் ஒரு தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டுக்கு அறிவியல் நடத்துகிறேன். மகரந்தச் சேர்க்கையைப் படம் போட்டு, வீடியோ காட்டிச் சொல்லிக் கொடுத்தேன். மறுநாள் கேட்டால் ஒருவருக்கும் நினைவில்லை. பள்ளியில் இருப்பது இரண்டே இரண்டு உருப்பெருக்குக் கண்ணாடி. பூந்தோட்டமும் கிடையாது. சுற்றிலும் செம்பனையை (எண்ணெய்ப் பனையை) தவிர வேறு ஒன்றும் இல்லை. என்ன செய்வது?*
*– ஓர் இளம் ஆசிரியர்*

தம்பி, உங்கள் கடிதத்தின் கடைசி வரியை நான்கு தடவை படித்தேன். அந்தச் செம்பனைக்குள்ளேயே உங்கள் பாடம் முழுவதும் இருக்கிறது.

நான் பிறந்தது தோட்டத் தொழிலாளர் குடியிருப்பில், லயத்து வீட்டில். 1970-களில் என் அம்மா விடியலில் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, போய்விட்டு நேரே இளம் செம்பனைக் காட்டுக்குள் போவார். கையில் ஊதுகுழாய். அதற்குள் டால்கம் பவுடரும் செம்பனை மகரந்தமும் கலந்த தூள். மட்டையை விலக்கி, முள்ளுக்குள் கையை விட்டு, எந்தப் பெண் பூ மலர்ந்திருக்கிறது என்று பார்த்து அதன்மேல் ஊத வேண்டும். எங்கள் வீட்டில் அதைப் 'பூவுக்குப் பவுடர் அடிக்கிற வேலை' என்போம். அம்மா பள்ளிக்கூடம் போனதில்லை. ஆனால், எந்தப் பூ இன்றைக்குத் தயார், எது நாளைக்கு என்று தூரத்திலிருந்தே சொல்லிவிடுவார்.

ஏன் மனிதர்கள் அந்த வேலையைச் செய்ய வேண்டியிருந்தது? உங்கள் பிள்ளைகளிடம் இதை முதலில் கேளுங்கள். செம்பனை மேற்கு ஆப்பிரிக்க மரம். மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917-இல் உங்கள் பக்கத்துத் தென்னமரம் தோட்டத்தில்தான் தொடங்கியது. மரம் வந்தது, அதன் பூச்சி கூடவே வரவில்லை. காற்று மட்டுமே மகரந்தத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் என்று வெகு காலம் நினைத்திருந்தார்கள். பிறகு ரஹ்மான் சையத் என்ற பாகிஸ்தானியப் பூச்சியியலாளர் கேமரூனுக்குப் போய் உட்கார்ந்து பார்த்தார். ஆண் பூவில் மொய்க்கிற சின்ன மூக்கு வண்டுதான் அந்த வேலையைச் செய்கிறது என்று கண்டார். அது வேறு பயிர்களைக் கெடுக்காது என்று சோதித்த பிறகு, 1981-இல் நம் நாட்டுக்குக் கொண்டுவந்து விட்டார்கள்.

நான் அப்போது ஆறாம் படிவம். அடுத்த இரண்டொரு வருடத்தில் அம்மாவின் ஊதுகுழாயைத் திருப்பி வாங்கிக்கொண்டு, உதிரிப் பழம் பொறுக்க அனுப்பிவிட்டார்கள். "அரிசி அளவுகூட இல்லாத பூச்சி என் வேலையை வாங்கிக்கிச்சு" என்று அம்மா சொன்னார். அவருக்கு அதில் வருத்தம் இருந்தது. ஆனாலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைக் காட்டுக்குக் கூட்டிப்போய், "இதுதான் பாரு" என்று அந்த வண்டைத் தேடிக் காட்டினார். என் முதல் உயிரியல் வகுப்பு அதுதான். பள்ளியில் எனக்குச் செம்பருத்தியைக் கரும்பலகையில் வரைந்துதான் காட்டினார்கள். ஜன்னலுக்கு வெளியே வேலி முழுக்கச் செம்பருத்தி பூத்துக்கிடந்தது. ஒரு பூவைப் பறித்துக் கையில் கொடுக்க யாருக்கும் தோன்றவில்லை. இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது இது. தோட்ட நிர்வாகியிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். மருந்து அடித்த பகுதியையும் குலை வெட்டுகிற பகுதியையும் கேட்டுத் தெரிந்துகொண்டு விலகிக்கொள்ளுங்கள். எல்லாருக்கும் பூட்ஸ் கட்டாயம். மட்டைக் குவியலில் நாகம் இருக்கும், அங்கே யாரும் கை விடக்கூடாது. பூ எட்டும் உயரத்தில் இருக்கிற இளம் மரங்களாகத் தேர்ந்தெடுங்கள்.

முதலில் கண்ணை மூடி மோப்பம் பிடிக்கச் சொல்லுங்கள். மலர்ந்த ஆண் பூவில் சோம்பு வாசம் அடிக்கும். பிள்ளைகளே "அம்மா சமையல் வாசம்" என்பார்கள். அந்த வாசத்துக்குத்தான் வண்டு வருகிறது. ஆண் பூவில் விரல் போல நீண்டிருக்கும் கிளை ஒன்றை ஒடித்துக் கறுப்புத் தாளின்மேல் தட்டுங்கள். மஞ்சள் தூளும், மூன்று நான்கு மில்லிமீட்டர் நீளத்தில் பழுப்பு வண்டுகளும் விழும். இரண்டு கண்ணாடி போதும், வரிசையில் நின்று பார்க்கட்டும். வண்டின் உடம்பில் அந்தத் தூள் ஒட்டியிருப்பதைப் பார்த்த பிள்ளைக்கு மகரந்தச் சேர்க்கையை நீங்கள் விளக்கவே வேண்டாம்.

அப்புறம் பெண் பூவைத் தேடச் சொல்லுங்கள். ஒரே மரத்தில்தான் இரண்டும் வரும், ஆனால் மாறி மாறி வரும். பெண் பூவும் தயாராகும்போது அதே வாசத்தை விடும். ஆண் பூ என்று நம்பி வந்த வண்டு, அங்கே தின்ன ஒன்றும் இல்லாமல் திரும்பிவிடும். அதற்குள் மகரந்தம் இறங்கிவிடும். இந்த ஏமாற்று வேலையைச் சொன்னால் பிள்ளைகள் மறக்கவே மாட்டார்கள்.

பழுப்பேறிய ஆண் பூ விரல் ஒன்றைப் பாட்டிலில் போட்டு, வாயை மெல்லிய துணியால் கட்டி வகுப்பில் வையுங்கள். வண்டு முட்டையிடுவது அதில்தான். ஏறக்குறைய இரண்டு வாரத்துக்குள் புது வண்டுகள் வெளியே வரும். தினமும் பார்க்க ஒரு பிள்ளையைப் பொறுப்பாக்குங்கள். வகுப்பிலேயே அதிகம் பேசாத பிள்ளையாகப் பார்த்துக் கொடுங்கள். என் அனுபவத்தில் முதல் வண்டைக் கண்டதும் கத்துவது அந்தப் பிள்ளைதான்.

*கேள்வி: டீச்சர், என் மகள் தோட்டத்து ஆந்தைப் பெட்டிக்குக் கீழே கிடந்த கறுப்பு உருண்டைகளை மைலோ டின்னில் போட்டு வீட்டுக்குக் கொண்டு வந்துவிட்டாள். உள்ளே எலும்பு இருக்கிறதாம். என் மாமியார், ஆந்தை சம்பந்தப்பட்டது எதுவும் வீட்டுக்கு ஆகாது என்று தினமும் சத்தம் போடுகிறார். எறிந்துவிடட்டுமா?*
*– ஒரு தாய், ஈஜோக்*

எறியாதீர்கள் அம்மா. ஆனால், டின் சமையலறையில் இருந்தால் முதலில் வெளியே வையுங்கள்.

அது எச்சம் இல்லை. ஆந்தை எலியை அப்படியே விழுங்கும். சதை செரித்த பிறகு முடியையும் எலும்பையும் உருண்டையாகக் கக்கிவிடும். எலியால் வருகிற நோய்கள் உண்டு, அதனால் கையுறை போட்டுக்கொண்டு உருண்டைகளை அலுமினியத் தாளில் சுற்றி, பழைய ஓவனில் 160 டிகிரியில் 40 நிமிடம் சூடாக்குங்கள். பிறகு வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, பல் குச்சியால் மெதுவாகப் பிரிக்கட்டும். மண்டையோட்டின் முன்பற்கள் ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். எலிப் பல்லின் நிறமே அதுதான், பல்லில் இரும்புச் சத்து இருப்பதால். கீழ்த்தாடைகளை ஜோடி சேர்த்து எண்ணினால் எத்தனை எலி என்று தெரிந்துவிடும். என் மாணவி ஒருத்தி ஒரே உருண்டையில் மூன்று மண்டையோடு எடுத்தாள். அன்றைக்கு அவள் சாப்பிடக்கூடப் போகவில்லை.

மாமியாரிடம் சண்டை வேண்டாம். மலாய்க்காரர்களும் ஆந்தையை 'பூரோங் ஹந்து', பேய்ப் பறவை என்றுதான் சொல்கிறார்கள். இரவில் அந்தக் கத்தலைக் கேட்டால் யாருக்கும் பயம்தான். அவரிடம் இதைச் சொல்லுங்கள்: சங்கப் பாடல் ஒன்றில் ஒரு தோழி, "கத்தாமல் இரு, உனக்குச் சுட்ட எலிக்கறி தருகிறேன்" என்று கூகையிடம் கெஞ்சுகிறாள். கூகைக்குப் பிடித்தது எலி என்று அப்போதே நம் ஆட்களுக்குத் தெரியும். தோட்டத்தில் கம்பம் நட்டுப் பெட்டி வைப்பதும் அந்த எலிக்காகத்தான், செம்பனைப் பழத்தை எலி அவ்வளவு தின்கிறது. எலி விஷம் தின்ற எலியைத் தின்றால் ஆந்தையும் சாகும் என்பதையும் மகளிடம் சொல்லி வையுங்கள். பெட்டிக்குள் ஏறிப் பார்க்க மட்டும் விடவே கூடாது.

*கேள்வி: படிவம் நான்கில் உயிரியல் எடுத்திருக்கிறேன். அறிவியல் பெயர்கள் மனதில் நிற்கவே இல்லை, டீச்சர்.*
*– ஒரு மாணவி, புக்கிட் ரோத்தான்*

மகளே, முதலில் உயிரைப் பார், பெயரை அப்புறம் படி. உனக்குப் பக்கத்திலேயே கம்போங் குவாந்தான் இருக்கிறது. அங்குள்ள மின்மினியின் பெயர் டெரோப்டிக்ஸ் டெனர். முதல் சொல்லுக்கு மடிந்த இறக்கை என்று பொருள், ஆண் பூச்சியின் இறக்கை உறை நுனியில் மடிந்திருக்கும். இரண்டாவது சொல்லுக்கு மென்மையானது என்று பொருள். அதன் புழு ஆற்றங்கரைச் சேற்றில் சிறு நத்தைகளைத் தின்று வளர்கிறது. அதனால்தான் கரையில் செடிகொடிகளை வெட்டினால் மின்மினிகள் கூடுகிற பெரெம்பாங் மரத்தில் வெளிச்சம் குறைந்துவிடும்.

அப்பாவைக் கூட்டிக்கொண்டு, மழை இல்லாத ஓர் இரவில் படகில் போ. டார்ச்சையும் கைப்பேசியையும் அணைத்துவிடு. ஒரே மரத்தில் ஆண் மின்மினிகள் சேர்ந்தாற்போல் மின்னி அணையும். அப்பாவைக் கடிகாரத்தைப் பார்க்கச் சொல்லிவிட்டு, பத்து வினாடிக்கு எத்தனை முறை மின்னுகிறது என்று முழங்காலில் தட்டித் தட்டி எண்ணு. எண்ணிக்கையை எனக்கு எழுது.