மூன்று வயதாகியும் பேச்சு வரவில்லை: பால்வாடியை நிறுத்தலாமா?

கேள்வி: என் மகனுக்கு மூன்று வயது இரண்டு மாதம். பத்துப் பன்னிரண்டு வார்த்தைதான் பேசுகிறான். கூப்பிட்டால் சில நேரம் திரும்புகிறான், சில நேரம் இல்லை. "அவன் அப்பாவும் லேட்டாத்தான் பேசினான்" என்கிறார் மாமியார். "பேச்சு வந்தப்புறம் கூட்டிட்டு வாங்க" என்கிறார் அங்கன்வாடி டீச்சர். டாக்டர் டானிக் எழுதிக் கொடுத்தார். பால்வாடியை நிறுத்திவிட்டுப் பேச்சுப் பயிற்சிக்கு மட்டும் அழைத்துப் போகலாமா?

பதில்: நிறுத்த வேண்டாம் அம்மா. பேசுவதற்குக் குழந்தைக்கு ஒரு தேவை வர வேண்டும். பந்தைப் பிடுங்கும் பையனும் கையைப் பிடித்து இழுக்கும் பெண்ணும் இருக்கிற இடத்தில் அந்தத் தேவை நாள் முழுக்க வரும். பயிற்சி அறையில் வாரத்துக்கு அரை மணி நேரம்தான் வரும்.

ஆனால் முதல் வேலை காதுப் பரிசோதனை. இரண்டு வயதில் இரண்டு வார்த்தை சேர்த்தும், மூன்று வயதில் சின்னச் சின்ன வாக்கியமாகவும் பெரும்பாலான குழந்தைகள் பேசிவிடுவார்கள். அப்பா தாமதமாகப் பேசியது உண்மையாகவே இருக்கட்டும், அதற்காகப் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது. கதவைத் தட்டினால் திரும்புகிறானே என்று நினைக்காதீர்கள். கனமான சத்தம் கேட்கும், 'ச', 'ஸ' போன்ற மெல்லிய ஒலிகள் கேட்காது என்ற நிலையும் உண்டு. அடிக்கடி சளி பிடித்தால் செவிப்பறைக்குப் பின்னால் நீர் தேங்கி, கேட்கும் திறன் ஏறி இறங்கும். 'சில நேரம் திரும்புகிறான்' என்று நீங்கள் எழுதியதும் எனக்கு இதுதான் தோன்றியது. சத்தம் காது நரம்பு வழியாக மூளைக்குப் போகிறதா என்று பார்க்கும் 'பெரா' பரிசோதனை தேவைப்பட்டால் குழந்தை தூங்கும்போதுதான் எடுப்பார்கள். அதற்கு எப்படித் தயார்செய்து அழைத்து வர வேண்டும் என்று முந்தின நாளே கேட்டுக்கொள்ளுங்கள்.

2013-இல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தின் மருத்துவக் குழு ஆண்டுக்கு இரண்டு முறை அங்கன்வாடிக்கு வர வேண்டும். அதற்காகக் காத்திருக்காதீர்கள். உங்கள் மாவட்ட அரசுத் தலைமை மருத்துவமனையிலோ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ ஆரம்பநிலை இடையீட்டு மையம் எங்கே என்று கேட்டு நேராகப் போங்கள். 'டிஇஐசி' என்றும் சொல்வார்கள். குழந்தை மருத்துவர், காது, பேச்சு, இயன்முறை என்று எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பார்ப்பதற்கென்றே அமைத்த மையம் அது, கட்டணம் கிடையாது.

சரி, டீச்சர் சொன்னது? பேச்சு வந்திருந்தால்தான் சேர்ப்போம் என்று அங்கன்வாடியில் எந்த விதியும் இல்லை. மாற்றுத்திறன் குழந்தைகளை முன்கூட்டியே கண்டறிய வேண்டும், மற்றவர்களோடு சேர்த்துக்கொள்ள வேண்டும், சிகிச்சைக்கு வழிகாட்ட வேண்டும் என்று 2023 நவம்பரில் மத்திய அரசே நெறிமுறை வெளியிட்டிருக்கிறது. இதைச் சண்டையாகச் சொல்லாதீர்கள். ஒரே ஆளாக இத்தனை பிள்ளைகளைப் பார்ப்பவருக்கு, இவனை எப்படிச் சமாளிப்பது என்ற பயம் இருக்கும். அவருக்கு வேண்டியது ஒரு சின்ன வழி.

அந்த வழிக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். இப்போது டாக்டருக்கு டீச்சர் பார்ப்பது தெரியாது, டீச்சருக்குப் பேச்சுப் பயிற்சியாளர் செய்வது தெரியாது. இத்தனை வருடத்தில் நான் பார்த்த பல குழந்தைகள் இந்த இடைவெளியில்தான் மாதக்கணக்கில் பின்தங்கினார்கள். இந்த மாதம் ஒரே ஒரு இலக்கு என்ன என்று பயிற்சியாளரைத் தமிழில் ஒரு வரி எழுதித் தரச் சொல்லுங்கள். 'தா' என்று கேட்க வைப்பது இலக்கு என்று வையுங்கள். முட்டை கொடுக்கும்போது டீச்சர் அதைக் கையில் வைத்துக்கொண்டு, அவன் முகத்தைப் பார்த்து ஐந்து எண்ணும் வரை காத்திருக்கட்டும். வாழைப்பழம் கொடுக்கும்போது மாமியார் அதையே செய்யட்டும். சத்தம் வராமல் கையை நீட்டினாலும் 'தா' என்று நாமே சொல்லிவிட்டுக் கொடுத்துவிட வேண்டும், அழ வைக்கக் கூடாது. என்ன நடந்தது என்று இருவரும் நோட்டில் ஒரு வரி எழுதட்டும். மாமியார் வாயால் சொன்னால் நீங்கள் எழுதுங்கள். அவரையும் ஒரு முறை மையத்துக்கு அழைத்துப் போங்கள். பயிற்சியாளர் செய்வதைக் கண்ணால் பார்த்த பாட்டிகள்தான் வீட்டில் விடாமல் செய்கிறார்கள்.

புது இடத்தில் அவன் வாயே திறக்காமல் இருக்கலாம். பால்வாடியில் விளையாடும்போது போனில் அரை நிமிடம் வீடியோ எடுத்து டாக்டரிடம் காட்டுங்கள்.

அப்புறம், பள்ளிக்கு இன்னும் நாள் இருக்கிறது என்று விட்டுவிடாதீர்கள். பள்ளிக் கல்வித் துறையின் வட்டார வள மையத்தில், மாற்றுத்திறன் குழந்தைகளுக்கென்றே சிறப்பாசிரியர்கள் இருக்கிறார்கள். 18 வயதுவரையான குழந்தைகளுக்கு அங்கே மருத்துவ முகாமும் நடக்கும். இப்போதே போய் அவன் பெயரைப் பதிந்துவிட்டு வாருங்கள். அந்த நோட்டையும் எடுத்துப் போங்கள்.