உள்ளே படுக்கை, பின்னால் படகு: கேம்பர் வேன் கேள்வி பதில்

மாதவரத்தில் வேன்களுக்கு உள்வேலை செய்யும் பட்டறை நடத்துகிறேன். சீட்டைக் கழற்றிப் படுக்கை போடுவது, அலமாரி, தண்ணீர்த் தொட்டி, கரண்ட் வேலை, டிரெய்லர் ஹூக் எல்லாம் உண்டு. குடும்பத்தோடு தங்கிப் போக ஒரு வண்டி, அதன் பின்னால் ஒரு சின்னப் படகு என்று கேட்டவர்களுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். படகு எது என்று சொல்லாமல் வண்டிப் பெயரை மட்டும் கேட்டவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி (திருவொற்றியூர்): அண்ணே, ஃபோர்ஸ் கம்பெனியின் டிராவலர், அர்பேனியா, டாடாவின் விங்கர், இந்த மூன்று வேன்களில் எது சரியாக வரும்? படகு இன்னும் வாங்கவில்லை. 14 அடி ஃபைபர் எடுக்கலாம் என்று யோசனை.

பதில்: தம்பி, விற்பவர் "படகு 200 கிலோதான் சார்" என்பார். அது வெறும் கூடு. 9.9 குதிரைசக்தி அவுட்போர்டு (படகின் பின்னால் மாட்டும் மோட்டார்) மாட்டினால் அது ஒரு 40 கிலோ. 25 லிட்டர் பெட்ரோல் கேனோடு 20. நங்கூரம், கயிறு, துடுப்பு, லைஃப் ஜாக்கெட், ஐஸ் பெட்டி என்று ஒரு 50. டிரெய்லர் மட்டும் 180 பக்கம் வரும். கூட்டிப் பாருங்கள், ரோட்டில் ஓடப்போவது கிட்டத்தட்ட 500 கிலோ.

இந்த எடைக்கு இன்ஜினைப் பற்றிக் கவலையே வேண்டாம். டிராவலரிலும் அர்பேனியாவிலும் 2.6 லிட்டர் டீசல், 350 நியூட்டன் மீட்டர் டார்க் (சக்கரத்தைத் திருப்பும் பலம்). விங்கரில் 2.2 லிட்டர், 200 நியூட்டன் மீட்டர். மூன்றுமே ஜிஎன்டி ரோட்டில் இழுத்துக்கொண்டு போய்விடும். வித்தியாசம் தெரிவது தண்ணீர் ஓரத்தில்தான். முதல் இரண்டும் பின்சக்கரம் தள்ளுகிற வண்டி, விங்கர் முன்சக்கரம் இழுக்கிற வண்டி. படகு உண்டு என்றால் என் ஓட்டு பின்சக்கரத்துக்கு. அதிலும் டிராவலர். உள்ளே நிமிர்ந்து நிற்கலாம், ஸ்பேர் எந்த ஊரிலும் கிடைக்கும். அர்பேனியா ஓட்ட சுகம்தான். ஆனால் அது மோனோகாக், உடம்பு மொத்தமும் சேர்ந்துதான் பாரத்தைத் தாங்குகிறது. கண்ட இடத்தில் வெட்டி வெல்டிங் வைக்கிற ஆளிடம் அதை விடாதீர்கள்.

வாங்கும் முன் ஒரு வேலை. எவ்வளவு எடை இழுக்கலாம் என்று கையேட்டில் போட்டிருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் கம்பெனியிடம் எழுத்தில் கேளுங்கள். ஷோரூமில் "தாராளமா இழுக்கும் சார்" என்பது பதில் இல்லை.

கேள்வி (அதே நண்பர்): எனக்கு ஒரு விங்கர் நல்ல விலைக்கு வருகிறது. முன்சக்கரம் இழுப்பது அவ்வளவு பெரிய குறையா?

பதில்: ரோட்டில் இல்லை, படகை இறக்கி ஏற்றும் சரிவில் ஆம். கணக்காகவே பார்ப்போம். சாமானோடு வண்டி 3,000 கிலோ, படகு டிரெய்லர் 500. எட்டு அடிக்கு ஓர் அடி உயரும் சிமெண்ட் சரிவில் இந்த 3,500 கிலோவை மேலே ஏற்ற, சுமார் 430 கிலோ இழுவை வேண்டும். சரிவில் நிற்கும்போது எடை பின்னால் சாயும். அதோடு ஹூக்கும் வண்டியின் வாலை அழுத்தி மூக்கைத் தூக்கும். முன் ஆக்சிலில் 1,300, பின் ஆக்சிலில் 1,700 நிற்கிறது என்று வையுங்கள். ஈரமும் பாசியும் படிந்த சிமெண்டில், சக்கரத்தின் மேல் உள்ள எடையில் 100க்கு 30 பங்குதான் பிடிப்பாகக் கிடைக்கிறது என்றால், முன்சக்கர வண்டிக்கு 390, பின்சக்கர வண்டிக்கு 510. ஒன்று ஏறிவிடும், இன்னொன்று சக்கரம் சுற்றி ரப்பர் வாசனை வரும்.

வண்டியை மேட்டிலேயே நிறுத்திக் கயிற்றில் இறக்கினால், விங்கரும் போதும். விலை உண்மையிலேயே நன்றாக இருந்தால் விடாதீர்கள்.

கேள்வி (எண்ணூர்): எங்கள் வீட்டில் 28 அடி ஃபைபர் போட் இருக்கிறது. அதையே வேனில் கட்டி இழுத்தால்?

பதில்: வேண்டாம் அண்ணே. எடை ஒரு பக்கம், அந்த நீளத்தை வைத்துக்கொண்டு மணலி எக்ஸ்பிரஸ் ரோட்டில் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் எங்கே திரும்புவீர்கள்? அதற்கு லாரிதான்.

கேள்வி (பெரம்பூர்): ஐயா, நானும் வீட்டுக்காரரும் இரண்டு பிள்ளைகளும். நான்கு பேர் படுக்க வேண்டும், சமையல் மேடை வேண்டும், பின்னால் 12 அடி அலுமினியப் படகு. நீளமான வண்டியாக எடுத்தால் நல்லதுதானே?

பதில்: அம்மா, நீளம் என்பதில் இரண்டு இருக்கிறது. முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவில் உள்ள நீளம் நல்லது, டிரெய்லர் ஆட்டத்தை அடக்கும். பின்சக்கரத்துக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் வால் கெட்டது. உதாரணம் சொல்கிறேன். அந்த நடு நீளம் (வீல்பேஸ்) 3,350 மில்லிமீட்டர், பின் ஆக்சிலிலிருந்து ஹூக் 1,500 மில்லிமீட்டர் தள்ளி. ஹூக்கின் மேல் 50 கிலோ இறங்கினால் பின் ஆக்சிலில் ஏறுவது 50 இல்லை, 72. மீதி 22 கிலோ முன் ஆக்சிலிலிருந்து தூக்கப்படுகிறது. ஸ்டீரிங் லேசாக மிதப்பது போலத் தெரியும். வால் நீள நீள இது கூடும்.

அந்த வாலில்தான் எல்லோரும் சமையல் மேடையும் தண்ணீர்த் தொட்டியும் வைக்கச் சொல்கிறார்கள். 100 லிட்டர் தொட்டி என்றால் 100 கிலோ. அதை இரண்டு ஆக்சிலுக்கும் நடுவில், தரையோடு வையுங்கள். 18 மில்லிமீட்டர் பிளைவுட் எட்டுக்கு நாலு பலகை ஒன்று 30 கிலோவுக்கு மேல். அலமாரிக்கு 9 போதும், மேடைக்கும் படுக்கைச் சட்டத்துக்கும் மட்டும் 18 போடுங்கள். வீட்டு இன்வர்ட்டர் பேட்டரியைத் தூக்கி வைக்காதீர்கள். 150 ஆம்பியர் ஹவர் டியூபுலர் ஒன்று 50 கிலோவைத் தாண்டும், 100 ஆம்பியர் ஹவர் லித்தியம் 12 கிலோ பக்கம்தான், உபயோகிக்கக் கிடைக்கும் கரண்டில் பெரிய குறைவும் இல்லை.

வேலை முடிந்ததும் எடை மேடைக்குப் போங்கள். மணலியிலும் மாதவரத்திலும் லாரிகளுக்கு எடை போடும் மேடைகள் இருக்கின்றன. தண்ணீர், சாமான், ஆட்கள் எல்லாம் ஏறிய நிலையில் முதலில் வண்டி முழுசும். பிறகு முன்சக்கரம் மட்டும் மேடையில், அப்புறம் பின்சக்கரம் மட்டும். கடைசியாகப் படகை மாட்டிக்கொண்டு மறுபடி பின்சக்கரம். ஒவ்வொன்றுக்கும் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ஆக்சிலும் எவ்வளவு தாங்கும் என்ற கம்பெனிக் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்த்தால் வண்டியின் வண்டவாளம் தெரிந்துவிடும்.

இன்னொன்று, ஓடும்போது பிள்ளைகள் படுக்கையில் இருக்கக் கூடாது. நான்கு பேருக்கும் பெல்ட் உள்ள சீட் வேண்டும். படகுக்கான பெட்ரோல் கேன், நீங்கள் தூங்கும் வேனுக்குள் வரவே கூடாது.

கேள்வி (கொருக்குப்பேட்டை): டூர் ஓடிய பழைய டிராவலர் பார்த்திருக்கிறேன், மஞ்சள் போர்டு. கேம்பராக மாற்றினால் ஆர்டிஓவில் தொல்லை உண்டா?

பதில்: கேட்காமல் மாற்றினால் உண்டு. மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52வது பிரிவுப்படி, ஆர்சி புத்தகத்தில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை அழுத்திச் சொல்லிவிட்டது. சீட் எண்ணிக்கை குறைகிறது, வண்டியின் வகை மாறுகிறது என்றால் முன் அனுமதி வாங்கி, ஆர்சியில் ஏற்ற வேண்டும். மோட்டார் கேரவனுக்கு (நம் கேம்பர்தான்) ஏஐஎஸ் 124 என்று தனித் தரமே இருக்கிறது.

வரிசை இப்படி: முதலில் விற்பவரின் வரி பாக்கி, பர்மிட், போலீஸ் அபராதம் எல்லாம் தீர்ந்ததா என்று பாருங்கள். பர்மிட்டை ஒப்படைத்து வெள்ளை போர்டுக்கு மாற்றுவது அடுத்தது. உள்வேலை அதற்கும் பின்னால். என் பட்டறைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் இதைத் தலைகீழாகச் செய்துவிட்டுத்தான் வருகிறார்கள். ஆர்சியும் வண்டியும் ஒத்துப்போகாவிட்டால் இன்சூரன்ஸ்காரர் கிளெய்ம் நேரத்தில் கையை விரிப்பார். டிரெய்லருக்கும் தனிப் பதிவு வேண்டும், பாலிசியில் அதுவும் இருக்க வேண்டும்.

டூர் வண்டி என்பதால் கிளட்ச், டிஃபரன்ஷியல் சத்தம், பின் பட்டை (லீஃப் ஸ்பிரிங்) மூன்றையும் மெக்கானிக்கை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பட்டையில் விரிசல் இருந்தால் படகு கட்டிய மறுவாரமே முறியும்.

கேள்வி (மூலக்கடை): கார் லைசென்ஸ் போதுமா?

பதில்: எல்எம்வி (இலகு ரக வாகன) லைசென்ஸ் 7,500 கிலோ மொத்த எடை வரை. நாம் பேசும் வண்டிகள் அதற்கு ரொம்பக் கீழே. போதும்.

கேள்வி (வண்ணாரப்பேட்டை): தெரிந்த வெல்டிங் கடையில் ஹூக் அடித்துத் தருகிறேன் என்கிறார்கள். செய்யலாமா சார்?

பதில்: எங்கே மாட்டுகிறார் என்று பாருங்கள். பம்பரில் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். அடிச்சட்டத்தின் இரண்டு நீளக் கட்டைகளிலும், ஒவ்வொரு பக்கமும் குறைந்தது இரண்டு போல்ட்டாவது போட்டு முறுக்க வேண்டும். வெல்டிங் மட்டும் நம்பி வைப்பது எனக்கு ஒப்பாது.

ஹூக்கின் நுனியில் உள்ள உருண்டையை அளக்கச் சொல்லுங்கள். சந்தையில் 50 மில்லிமீட்டரும் கிடைக்கிறது, இரண்டு அங்குலமும் கிடைக்கிறது. இரண்டுக்கும் ஒரு மில்லிமீட்டர்கூட வித்தியாசம் இல்லை. அதனால்தான் ஆபத்து. உருண்டை 50 ஆக இருந்து, அதைக் கவ்வும் டிரெய்லரின் கிண்ணம் இரண்டு அங்குலமாக இருந்தால் மாட்டிக்கொள்ளும், ஓடும், எண்ணூர் ஹைரோட்டுப் பள்ளத்தில் ஒருநாள் துள்ளி வெளியே வரும். இரண்டும் ஒரே அளவா என்று முத்திரையைப் படித்துப் பாருங்கள்.

இரண்டு சங்கிலியும் ஹூக்கின் அடியில் குறுக்காகப் போக வேண்டும். கழன்றாலும் டிரெய்லரின் மூக்கு சங்கிலி மேல் விழும், ரோட்டில் குத்தாது. டிரெய்லரின் மொத்த எடையில் 100க்கு 7 முதல் 10 பங்கு ஹூக்கின் மேல் இறங்கட்டும். குறைந்தால் பின்னால் டிரெய்லர் வாலாட்டும். படகை அரை அடி முன்னால் நகர்த்தினாலே சரியாகிவிடும்.

பிரேக் பற்றியும் நிறையப் பேர் கேட்டார்கள். ஐரோப்பாவில் 750 கிலோ வரை டிரெய்லருக்குத் தனி பிரேக் இல்லாமல் விடுகிறார்கள். நம் போக்குவரத்தில் 500க்கு மேல் போனாலே ஓவர்ரன் பிரேக் வைக்கச் சொல்வேன். வண்டி நிற்கும்போது டிரெய்லர் முன்னால் முட்டும் அழுத்தத்திலேயே அது பிடிக்கும். குறுக்கே வரும் ஷேர் ஆட்டோவுக்கு உங்கள் பின்னால் படகு இருப்பது தெரியாது.

கேள்வி (காசிமேடு): எங்கள் தெருவில் பைக்கே இரண்டு வருஷத்தில் துருப்பிடிக்கிறது. டிரெய்லர் என்ன ஆகும்?

பதில்: பெயிண்ட் அடித்த இரும்பு என்றால் உள்பக்கத்திலிருந்து தின்னும். குழாய்ச் சட்டத்துக்குள் உப்புத் தண்ணீர் புகுந்தால் வெளியே வராது. வெல்டிங் எல்லாம் முடிந்தபின் முழுசாகச் சூட்டு கால்வனைசிங் (உருகிய துத்தநாகத்தில் முக்குவது) செய்த சட்டமாக வாங்குங்கள், அல்லது திறந்த சி சேனலில் அடிக்கச் சொல்லுங்கள், கழுவவாவது முடியும்.

பேரிங்தான் முதலில் போகும். ஓடிவந்த சூட்டோடு சக்கரத்தைத் தண்ணீரில் இறக்கினால், உள்ளே இருக்கும் காற்று சட்டென்று குளிர்ந்து சுருங்கி, சீல் வழியாக உப்புத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். வந்ததும் இறக்காதீர்கள். கையை வைத்துப் பார்த்து, ஹப் (பேரிங் இருக்கும் சக்கர நடுப்பகுதி) ஆறின பிறகு இறக்குங்கள். அந்த நேரத்தில் டீ குடிக்கலாம், லைட் பிளக்கைக் கழற்றி வைக்கலாம். வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவுவது, அடிக்கடி கிரீஸ் அடிப்பது, இதில் சோம்பல் கூடாது.

கேள்வி (பொன்னேரி): நம் பக்கம் படகை எங்கே இறக்கலாம்? பழவேற்காடு கூப்பிடு தூரம்தான்.

பதில்: இதை வண்டி வாங்கும் முன்பே கேட்டது நீங்கள் ஒருவர்தான். புழல் குடிநீர் ஏரி, நீர்வளத் துறை வசம். அதை மறந்துவிடுங்கள். காசிமேடு மீன்பிடித் துறைமுகம் தொழில் நடக்கிற இடம், உல்லாசப் படகுக்கு அங்கே வேலை இல்லை. பழவேற்காட்டில் 2011 டிசம்பர் 25 அன்று படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு சுற்றுலாப் படகுக்குத் தடை வந்தது. ஏரியில் பறவைகள் சரணாலயமும் இருக்கிறது, வனத்துறை கேள்வி கேட்கும். அந்தப் பக்கம் ராக்கெட் ஏவுதளமான ஸ்ரீஹரிகோட்டா. மீனவர்களுக்குள் பாடு முறை உண்டு, யார் எந்த இடத்தில் வலை போடுவது என்பது முறை வைத்து நடப்பது. அதன் நடுவில் தூண்டிலோடு போய் நின்றால் ஏரியில் சண்டைதான். ஊர் பஞ்சாயத்தாரிடமும் வனத்துறையிடமும் பேசிச் சம்மதம் வாங்காமல் படகைக் கொண்டுபோகாதீர்கள்.

சம்மதம் கிடைத்தாலும் கரை மணல். எந்த வேனும் தண்ணீர் வரை போகாது, ஃபோர் வீல் டிரைவ் என்று கூடுதல் பணம் கொடுப்பதிலும் பெரிய பிரயோஜனம் இல்லை. வேனைக் கெட்டித் தரையில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, டிரெய்லரைக் கழற்றி, நீளக் கயிற்றில் விட்டு இறக்குங்கள். டிரெய்லருக்கு அகலமான டயர் போட்டால் மணலில் அவ்வளவாகப் புதையாது.

கேள்வி (வியாசர்பாடி): மழைக்காலத்தில் தெருவில் தண்ணீர் நின்றால் அதே படகு உதவுமா?

பதில்: தட்டையான அடியுள்ள அலுமினியமோ காற்றடிக்கும் படகோ உதவும், துடுப்போடு. மோட்டார் வேண்டாம், தண்ணீருக்கடியில் கம்பி, பைக், திறந்த மூடி எதுவும் இருக்கலாம். மின்கம்பம் பக்கமே போகாதீர்கள். வேனை மழைக்கு முன்பே மேட்டில் கொண்டுபோய் விடுங்கள். டீசல் இன்ஜின் ஒரு மூச்சு தண்ணீர் இழுத்தால் கனெக்டிங் ராட் வளைந்துவிடும்.

கேள்வி (எர்ணாவூர்): இவ்வளவு படித்ததும் டிரெய்லரே வேண்டாமோ என்று தோன்றுகிறது அண்ணே.

பதில்: இரண்டு பேர் போய்த் தூண்டில் போட்டு வருவதுதான் என்றால் எனக்கும் அப்படித்தான் தோன்றும். காற்றடிக்கும் படகு மடித்தால் படுக்கைக்கு அடியில் போகும், சின்ன எலக்ட்ரிக் மோட்டார் வேனின் லித்தியம் பேட்டரியிலேயே ஓடும். டிரெய்லர் பதிவு இல்லை, பேரிங் இல்லை, சந்தில் நிறுத்த இடம் தேட வேண்டாம். நான்கு பேர், ஐஸ் பெட்டி, நாள் முழுக்க என்றால்தான் இழுக்கும் படகு.

கேள்வி (திருவொற்றியூர் நண்பர், மறுபடி): சரி, முடிவு பண்ணிவிட்டேன், டிராவலரும் 14 அடியும்தான். ரிவர்ஸ் எடுப்பது எப்படி?

பதில்: ஸ்டீரிங்கை அடியில் ஒரு கையால் பிடியுங்கள். டிரெய்லர் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் கையை நகர்த்துங்கள். கொஞ்சமாக, மெதுவாக. டிரெய்லர் மடங்க ஆரம்பித்தால் திருத்தப் பார்க்காதீர்கள், முன்னால் எடுத்து நேராக்கி மறுபடி ஆரம்பியுங்கள். டிரெய்லரின் இழுகம்பியை இரண்டு அடி நீளமாக அடிக்கச் சொன்னால் மடங்குவது குறையும். ஆர்டர் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். ஞாயிறு காலையில் ஏதாவது காலி லாரி யார்டில் கேட்டுக்கொண்டு பழகுங்கள், வீட்டில் ஒருவரைப் பின்னால் நிறுத்தி. அவர் கண்ணாடியில் தெரியவில்லை என்றால் உடனே பிரேக்.