ஒட்டிப்போன கிளட்சுக்கு முழு செட்டும் மாற்ற வேண்டுமா?

கேள்வி: அப்பாவின் 1986 மாடல் புல்லட் 350, அவர் தவறிய பிறகு நான்கு வருடமாகக் கொட்டகையிலேயே நிற்கிறது. கியரில் போட்டுக் கிளட்சைப் பிடித்தாலும் வண்டி நகர மறுக்கிறது. கிளட்ச் ஜாம் ஆகிவிட்டது, கிளட்ச் தட்டுகள் இருக்கும் டிரம்மோடு முழு செட்டும் மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். முன்பணம் கொடுக்கலாமா?
- வாசகர், காரைக்குடி

பதில்: இப்போதைக்குக் கொடுக்காதீர்கள். நின்றுபோன வண்டியில் கிளட்ச் ஒட்டிக்கொள்வது சகஜம். தட்டுகளுக்கு நடுவே இருக்கும் ஆயில் நாள்பட இறுகிப் பசையாகிவிடும்; ஈரம் இறங்கியிருந்தால் இரும்புத் தட்டில் துருவும் சேரும். ஒட்டியிருக்கிறது என்பதாலேயே கெட்டுப்போய்விட்டது என்று ஆகாது.

முதலில் கேபிளைப் பாருங்கள். லீவரை இழுக்கும்போது கியர்பாக்ஸ் பக்கத்தில் கேபிள் இழுக்கும் சிறு நெம்புகோல் அசைகிறதா? அசையாவிட்டால் கோளாறு கேபிளிலேயே இருக்கலாம். அசைந்தால் தட்டுகள்தான் ஒட்டியிருக்கின்றன.

உங்கள் புல்லட்டில் ஒரு வசதி உண்டு. அதன் கிக்கர் கிளட்ச் வழியாகத்தான் என்ஜினைச் சுற்றுகிறது. சாவியை அணைத்து, நியூட்ரலில் வைத்து, லீவரை முழுதாகப் பிடித்துக்கொண்டு கிக்கரை அழுத்தமாக மிதியுங்கள். என்ஜினின் கம்ப்ரெஷன் காலில் தட்டினால் இன்னும் ஒட்டியிருக்கிறது. பத்து, இருபது மிதியில் திடீரென்று கிக்கர் வெறுமையாக இறங்கினால் தட்டுகள் பிரிந்துவிட்டன. புல்லட்காரர்கள் பலர் காலையில் வண்டி எடுக்குமுன் செய்வதும் இதுதான். (ஆர்எக்ஸ் 100 வைத்திருப்பவர்களுக்கு இது பயன்படாது, அதன் கிக்கர் கிளட்ச் வழியாகச் சுற்றுவதில்லை.)

அசையவில்லையா? இடது பக்கச் செயின்கேஸ் (என்ஜினையும் கிளட்சையும் இணைக்கும் செயின் இருக்கும் பெட்டி) ஆயிலை வடியுங்கள். உங்கள் மாடலில் அது என்ஜின் ஆயிலிலிருந்து தனி. பால் கலந்த டீ மாதிரி வந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. புது ஆயில் ஊற்றி, லீவரைக் கைப்பிடியோடு சேர்த்துக் கட்டி ஓரிரு நாள் விட்டுவிடுங்கள். பிறகு மூன்றாவது கியரில் போட்டு, கட்டை அவிழ்க்காமல், ஒருவர் பிடிக்க ஒருவர் தள்ள, முன்னும் பின்னும் ஆட்டுங்கள். பொறுமையாக ஆட்டினால் பல வண்டிகள் இதிலேயே விட்டுக்கொடுக்கும். கியரில் போட்டுத் தள்ளி ஸ்டார்ட் செய்து ரோட்டில் ஓட்டினால் தானே பிரிந்துவிடும் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். பிரியாவிட்டால் கிளட்சைப் பிடித்தாலும் என்ஜின் சக்கரத்தைத் தள்ளிக்கொண்டே இருக்கும்.

எதற்கும் மசியாவிட்டால் மட்டுமே திறக்க வேண்டும். ஃபுட்ரெஸ்ட், பிரேக் பெடலைக் கழற்றினால் செயின்கேஸ் மூடியை ஒரே நட் பிடித்திருப்பது தெரியும். தட்டுகளை எடுக்கும் வரிசையைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்க்ரூடிரைவரால் நெம்ப விடாதீர்கள், தட்டு வளைந்துவிடும். இரும்புத் தட்டின் துருவை நைஸ் உப்புத்தாளால் தேய்த்து, கண்ணாடி மேல் வைத்துப் பாருங்கள். ஆடினால் வளைந்திருக்கிறது, நீலம் பாய்ந்திருந்தால் சூட்டில் வெந்தது. இவற்றையும், லைனிங் (பிடிமானத்துக்கு ஒட்டியிருக்கும் பட்டை) பெயர்ந்த தட்டுகளையும் மாற்றத்தான் வேண்டும். டிரம்மை அதன் பள்ளங்களில் தட்டின் காதுகள் ஆழமாகக் குடைந்திருந்தால் மட்டும் மாற்றலாம். லேசான குடைவை அரத்தால் சமன் செய்துவிடலாம். எப்படியும் மூடியின் ரப்பர் சீல் ஒன்று புதிதாக வாங்கிவிடுங்கள், இல்லாவிட்டால் ஆயில் கசியும்.

மெக்கானிக்கிடம் சண்டை வேண்டாம். "திறக்கும்போது நான் பக்கத்தில் இருக்கிறேன், எது மாற்றினாலும் பழையதைக் கையில் கொடுங்கள்" என்று வேலைக்கு முன்பே சொல்லிவிடுங்கள். நல்ல மெக்கானிக் இதற்குக் கோபப்பட மாட்டார். உதிரிபாகத்தின் பாக்கெட்டில் எம்ஆர்பி அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள், பில் கேளுங்கள். பில் தராததை 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முறையற்ற வணிகம் என்கிறது. புகாருக்கு 1915 என்ற எண் இருக்கிறது.

ஆயில் வாங்கும்போதும் கவனம். கார் ஆயில் சிலவற்றில் வழுக்கும் சேர்மானம் உண்டு, கிளட்ச் நழுவும். டப்பாவில் ஜாசோ எம்ஏ (JASO MA, ஆயிலில் நனையும் கிளட்சுக்கு ஏற்றது என்ற தரக்குறி) என்று போட்டிருக்கும் பைக் ஆயிலே போதும்.

செலவில் இறங்குமுன் அப்பாவின் ஆர்சி புத்தகத்தையும் எடுத்துப் பாருங்கள். முதல் 15 வருடத்துக்குப் பிறகு 5 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பித்திருக்க வேண்டும். அது காலாவதியாகியிருந்தால் வண்டியை உங்கள் பெயருக்கு மாற்றும் வேலையோடு சேர்த்து ஆர்டிஓ அலுவலகத்தில் விசாரித்துவிடுங்கள். அதுவரை வாரம் ஒருமுறை லீவரைப் பிடித்துக் கிக்கரை நாலு மிதி மிதித்து வையுங்கள்.