பிஎம்ஐ பற்றிக் கேளுங்கள்: மும்பை செம்பூர் டயட்டீஷியன் பதில்கள்

மாதுங்கா (42 வயது): உயரம் 158 செ.மீ., எடை 62 கிலோ. ஒரு சார்ட்டில் நார்மல், இன்னொன்றில் ஓவர்வெயிட். எது சரி அக்கா?

இரண்டும்தான். பிஎம்ஐ என்பது எடையை (கிலோ) உயரத்தால் (மீட்டர்) இரண்டு முறை வகுத்தால் வரும் எண். உங்கள் 62ஐ 1.58ஆல் இரண்டு முறை வகுத்தால் 24.8. உலக சுகாதார நிறுவனத்தின் பொதுக் கணக்கில் 18.5இலிருந்து 25க்குள் இருந்தால் நார்மல். இந்தியர்களுக்கென்று 2009இல் நம் மருத்துவர்கள் தந்த பரிந்துரையிலோ 23லேயே ஓவர்வெயிட், 25இல் உடல் பருமன். அதே பிஎம்ஐ உள்ள ஐரோப்பியரைவிட நமக்குக் கொழுப்பு அதிகம். அதுவும் வயிற்றுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும், சர்க்கரை வியாதி சீக்கிரமே எட்டிப்பார்க்கும்.

23க்கு வர உங்களுக்கு 57 கிலோ. அதற்காகப் பட்டினி கிடக்காதீர்கள், இளைக்கிற பவுடரும் வாங்காதீர்கள். முதலில் தையல் டேப்பை எடுங்கள். கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், மூச்சை விட்டபின் வயிற்றின் சுற்றளவை அளக்க வேண்டும். பாவாடை நாடா கட்டும் இடத்தில் இல்லை. பெண்களுக்கு 80 செ.மீ. எல்லை.

டோம்பிவிலி: 55 கிலோ, 155 செ.மீ. 35 வருகிறது! பயமாக இருக்கிறது.

ஒரு தடவைதான் வகுத்திருக்கிறீர்கள். இன்னொரு தடவை வகுங்கள், 22.9. நிம்மதியாகத் தூங்குங்கள்.

முலுண்ட்: ஏழாம் மாதம். பிஎம்ஐ 28.

கர்ப்பத்தில் இந்தக் கணக்கு ஓடாது, கர்ப்பத்துக்கு முந்தைய எடைதான் கணக்கு. உங்கள் மகப்பேறு டாக்டரிடம் பேசுங்கள்.

வாஷி: எங்கள் பாட்டி நல்ல குண்டு. 90 வயது வரை இருந்தார். பிஎம்ஐ எல்லாம் வெள்ளைக்காரன் கட்டிய கதை.

பாதி சரி. 1830களில் இந்தக் கணக்கைப் போட்ட கெத்தலே டாக்டரே இல்லை. பெல்ஜியத்து வானியலாளர், கணித அறிஞர். ஜனத்தொகையின் சராசரியைப் பார்க்கத்தான் போட்டார். ‘பாடி மாஸ் இண்டெக்ஸ்’ (சுருக்கமாக பிஎம்ஐ) என்ற பெயரே 1972இல் அமெரிக்க உடலியல் ஆய்வாளர் ஆன்செல் கீஸ் வைத்தது. எது தசை, எது கொழுப்பு என்று அதற்குத் தெரியாது. அதனால்தான் டேப், டேப் என்கிறேன்.

மாதுங்கா: வாஷி மேடம், உங்க பாட்டி அம்மியில் அரைச்சவங்க. நீங்க லோக்கல் ரயிலில் உட்கார்ந்து போறீங்க.

வாஷி: உட்கார்ந்தா? காலை எட்டரைக்கு ஹார்பர் லைனில் ஏறிப் பாருங்க!

மாதுங்கா: அப்போ நிக்கறதுதான் எக்சர்சைஸா?

சண்டையை ரயிலில் வைத்துக்கொள்ளுங்கள். அம்மி விஷயத்தில் மட்டும் நான் மாதுங்கா பக்கம்.

குர்லா: 68 கிலோ, 160 செ.மீ. ஓகேவா?

26.6. மாதுங்காவுக்கு எழுதியதைப் படியுங்கள்.

அந்தேரி: 64 கிலோ, 157 செ.மீ. ஓகேவா மேடம்?

டேப்.

கல்யாண்: பக்கத்து வீட்டில் ஒரு பவுடர் விற்கிறார்கள், மாதம் 5 கிலோ குறையுமாம்.

வேண்டாம். இன்னொரு தடவை கேட்டாலும் வேண்டாம்.

மாதுங்கா: அளந்துட்டேன் அக்கா. 84.

அப்படியென்றால் வெறும் வயிற்றில் சர்க்கரை, கொழுப்பு, பிபி மூன்றும் பாருங்கள். ரிப்போர்ட்டோடு வாருங்கள், உங்களுடன் தனியாகப் பேசலாம். வாஷி மேடத்தையும் கூட்டி வாருங்கள்.